கடைக் கணக்குக்குக் காப்பு நகல்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் நின்றதும் நிற்காததும்

இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் டேலி பிரைம் கணக்கு மென்பொருள் ஓடும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும், சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களுக்கும் பொருந்தும் ஏற்பாடு இது. நான்கு ஆண்டு ஓட்டத்தை வைத்து எழுதுகிறோம். சாமான்கள் எளியவை: 600 விஏ யுபிஎஸ், 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, பூட்டிய 7z கோப்பாக கூகுள் டிரைவில் ஒரு நகல், இணையக் கணக்குகளில் நுழைய போனிலேயே மாறும் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்.

முதலில் டிஸ்க். ஒரு வாரம் ஒன்று கடையில், மற்றது வீட்டில். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் இருப்பதையும் இரவு கணக்கு முடித்த பிறகுதான் சொருக வேண்டும், நகல் ஏறியதும் கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்தால், அந்த நேரத்தில் கண்ணில் படுகிற எல்லா டிரைவையும், நெட்வொர்க்கில் பகிர்ந்த போல்டரையும் சேர்த்தே பூட்டும். சொருகியே கிடக்கும் டிஸ்க் கணக்கோடு சேர்ந்து போகும். இந்த ஒழுங்கு இரண்டாவது மாதமே தளரும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, குனிந்து கழற்றச் சோம்பி அப்படியே விட்டுவிடுவார்கள். முன்பக்க யுஎஸ்பியில் மட்டும் சொருகுவது, டிஸ்க்கைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டுவது என்று வைத்த இடங்களில் ஒழுங்கு தங்கியது. கல்லா பூட்டாமல் எந்த அண்ணாச்சியும் வீட்டுக்குப் போவதில்லை.

இரண்டாவது டிஸ்க்கைக் கடைப் பரணில் வைப்பது போதாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன், கொக்கிரகுளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஜங்ஷன் கடைக்காரருக்கு ஆற்றங்கரையை விட்டு விலகிய ஒரு மாடி வீடுதான் சரியான இடம். இரண்டு டிஸ்க்கும் ஒரே வெள்ளத்தில் நனையக்கூடாது, அதுதான் கணக்கு.

பென் டிரைவை நம்ப வேண்டாம். அன்றாடம் எடுத்துப் போகலாம், ஆனால் நெடுநாள் அலமாரியில் கிடந்தால் படிக்காமல் போகக்கூடிய பொருள் அது. ஹார்ட் டிஸ்க்கையும் ஆறு மாதத்துக்கொரு முறை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். 05, சி5 என்ற இரண்டு வரிகளில், ‘ரா வேல்யூஸ்’ பத்தியில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் வந்து, அது ஏறிக்கொண்டும் போனால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும்.

டேலியில் அதிகம் தவறுவது நகல் எடுக்கும் விதம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே டேட்டா போல்டரை அள்ளி எடுத்தால் பாதி எழுதிய கோப்பு வரும். பிறகு கம்பெனி, அதாவது டேலியில் உள்ள உங்கள் கணக்குத் தொகுப்பு, திறக்காது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் டேலியை மூடிவிட்டு, ஒன்றில் மட்டும் திறந்து, ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தி பேக்கப் கொடுக்க வேண்டும். சேமிக்கும் இடத்தை நீங்களே மாற்றாவிட்டால் நகல் அதே கம்ப்யூட்டரின் அதே டிரைவில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் 2025-06-14 என்பதுபோல் தேதியிட்ட தனி போல்டர் வேண்டும். பழைய நகல்மேல் புதியதை எழுதவே கூடாது. விண்டோஸில் கோப்பு நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளையில் ‘மிர்’ (/MIR) சேர்த்து ஓட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து. மூலத்தில் அழிந்த கோப்பை நகலிலும் அழித்துவிடும்.

டேலிக்கு வெளியே மறந்துபோவது நிறைய: விலைப்பட்டியல் எக்செல், இ-இன்வாய்ஸ் பிடிஎஃப், லேபிள் வடிவங்கள், தனியாக எழுதி வாங்கிய பில் மாதிரியின் டிடிஎல் கோப்பு (டேலிக்கென எழுதும் நிரல்). பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். அது இல்லாத கம்ப்யூட்டரில் கடிதம் திறக்கும், ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

மேகச் சேமிப்பு பரவாயில்லை, ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். டிரைவ் ஆப் ஒத்திசைக்கும் போல்டரில் ரான்சம்வேர் பூட்டிய கோப்பு விழுந்தால் அதுவும் மேலே ஏறும். பழைய வடிவத்தை கூகுள் 30 நாளோ 100 வடிவமோ வரைதான் வைத்திருக்கும். ஆகவே 7-ஜிப் மென்பொருளில் 7z வடிவம் தேர்ந்து கடவுச்சொல் போட்டு, கோப்புப் பெயரையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்து, உலாவி வழியே ஏற்றுவது நல்லது. கடவுச்சொல்லை பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி வைத்துத் தானாக ஓட்டினால் பூட்டு போட்டு சாவியை வாசலில் தொங்கவிட்ட கதைதான். இலவச 15 ஜிபி மெயிலுக்கும் சேர்த்து. நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுபோகும். இதைக் கவனிக்காமல் ஆர்டர் விட்டவர்கள் உண்டு. தினசரி நகல் 7, வார நகல் 4, மாத முடிவு 12 என்று வைத்துக்கொண்டு மீதியை அழிக்கலாம். மார்ச் 31 நகலை மட்டும் அழிக்காதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடுநாளிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க ஜிஎஸ்டி சட்டம் கேட்கிறது.

நான்கு ஆண்டில் மிக அதிகப் பலன் தந்தது மீட்டுப் பார்க்கும் வேலை. மூன்று மாதத்துக்கொரு முறை வேறொரு கம்ப்யூட்டரில் நகலை ரெஸ்டோர் செய்து, ட்ரையல் பேலன்ஸ் மொத்தம், கடைசி பில் எண், ஒரு சரக்கின் இருப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். காலியான பேக்கப், மாதக்கணக்கில் பழைய கம்பெனியையே எடுத்துவந்த பேக்கப் எல்லாம் இந்தச் சோதனையில்தான் சிக்கின. கம்பெனித் தகவலைப் பூட்டும் டேலி வால்ட் போட்டிருந்தால் அதன் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியே கிடையாது. காகிதத்தில் எழுதி உறையிலிட்டு, இரண்டாவது டிஸ்க்கோடு வீட்டில் வையுங்கள்.

கணக்குகளில் பலவீனமான இடம் செல்போன் எண். ஜிஎஸ்டி தளத்தில் பதிவான எண்ணும் மெயிலும் ஆடிட்டர் அலுவலகத்துடையதாக இருப்பது இங்கே சகஜம். உறவு சுமுகமாக இருக்கும்போதே முதலாளியின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு என்றால் வரி அலுவலரிடம் மனு கொடுத்து நடக்க வேண்டிவரும். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். ஒரே யூசரை நாலு பேர் பகிராமல், ஒவ்வொரு பையனுக்கும் அவரவர் எண்ணில் துணை யூசர் திறந்து, வேலையை விட்டுப் போகும் அன்றே முடக்குங்கள். மெயிலுக்கு ஆத்தென்டிகேட்டர் போடும்போது கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளையும் அச்செடுத்து அதே உறையில் வைக்க வேண்டும். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் வழி. வாட்ஸ்அப் பிசினஸுக்கு ஆறு இலக்கப் பின் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை, அபராதச் சலான் என்ற பெயரில் வரும், போனில் ஆப் நிறுவும் ஏபிகே கோப்பைத் தொடவே கூடாது.

வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக ரௌட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் வரும் வழி) திறந்து வைப்பதை உடனே நிறுத்துங்கள். ரான்சம்வேர் கும்பல்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கும் கதவு அது. விபிஎன் என்ற பூட்டிய இணைப்பு வழியே மட்டும் வரட்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அனுமதியில்லாத மென்பொருள் கோப்புகளை மாற்றாமல் தடுக்கும் விண்டோஸின் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ நல்ல காவல், ஆனால் டேலியை அனுமதிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் பில் சேமிக்கவிடாமல் தடுக்கும். ஊழியர்கள் மொத்தத்தையும் அணைத்துவிடுவார்கள்.

யுபிஎஸ்ஸில் சிபியு, மானிட்டர், ரௌட்டர் மட்டும். லேசர் பிரிண்டரை மாட்டினால் சுமை தாங்காது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுதான் உழைக்கும். மாற்றிய தேதியை யுபிஎஸ் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைப்பது, அடுத்து வங்கி. கம்ப்யூட்டரில் பூட்டு விழுந்தது தெரிந்தால் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்கள், அந்த நேரத்தில் டிஸ்க்கைக் கொண்டுவந்து சொருகாதீர்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவி, வேறு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் சோதித்த பிறகுதான் அதை இந்தக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும்.