எட்டாம் இடம் யாருக்கு? பேட்டிங் தெரிந்த பவுலருக்கா, விக்கெட் எடுக்கிற பவுலருக்கா

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் 2025-27 சுற்றில் நியூசிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு இருப்பது இரண்டே டெஸ்ட். ஐந்து டெஸ்ட் தொடர் என்றால் முதல் ஆட்டத்தில் ஆள் தேர்வு சொதப்பினாலும் சமாளித்துவிடலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

கீப்பரையும் சேர்த்து முதல் ஆறு பேர், ஏழாவதாக ஜடேஜா, உடம்பு ஒத்துழைத்தால் பும்ரா, சிராஜ், கூடவே மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் ஒருவர். இதுவரை பெரிய தகராறு இல்லை. பேட்டிங் வரிசையின் எட்டாம் இடத்துக்கு வரும்போதுதான் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொடருக்கு முன்பும் ஒரே பஞ்சாயத்து. ஷர்துல் தாக்கூர், நிதிஷ் ரெட்டி, வாஷிங்டன் சுந்தர் மாதிரி ரன்னும் அடிக்கக்கூடிய ஒருவரா? குல்தீப் யாதவோ நான்காவது வேகப்பந்து வீச்சாளரோ மாதிரி பந்துவீச்சுக்காக மட்டுமே எடுக்கப்படுகிற ஒருவரா? என் ஓட்டு இரண்டாவது பக்கம்.

முதல் பக்கத்தின் வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழ்வரிசை நீண்டால் மேலே இருப்பவர்களுக்குத் தைரியம் வரும், 200 ரன்னுக்கு 6 விக்கெட் என்று நிற்கும்போது கைகொடுக்க ஆள் இருக்கும். அதற்குச் சான்றும் உண்டு. 2024 மெல்போர்னில் நிதிஷ் 114, வாஷிங்டன் 50, எட்டாவது விக்கெட்டுக்கு 127 ரன். 2025 ஓவலில் வாஷிங்டன் கடைசி நேரத்தில் விளாசிய 53 இல்லாமல் அந்த 6 ரன் வெற்றி இல்லை. ரன்னுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த விவாதத்தில் ரன் பக்கம் மட்டுமே பேசப்படுகிறது, ஓவர் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஒரு நாளைக்கு 90 ஓவர். பும்ராவை 18 ஓவருக்குள் நிறுத்த வேண்டும், அதுவும் ஒரு மூச்சில் நாலைந்து ஓவர் என்ற கணக்கில். சிராஜுக்கு 20, மூன்றாவது வேகத்துக்கு 19 வைத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் முதல் நாள் ஆடுகளத்தில் ஜடேஜாவுக்கு 15 கிடைத்தால் அதிகம். மொத்தம் 72. மீதி 18 ஓவர் எட்டாம் இடத்துக்காரரின் பங்கு. அவரை நம்பி கேப்டன் ஆறு ஓவர்தான் கொடுப்பார் என்றால் மீதி 12 யார் தலையில் விழும்? நிச்சயம் ஏற்கெனவே களைத்தவர்களின் தலையில்தான். இரண்டு இன்னிங்ஸில் 24 ஓவர், இரண்டு டெஸ்டில் கிட்டத்தட்ட 50.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 83.4 ஓவர். பும்ரா 24.4, சிராஜ் 23. ஆறு பேர் பந்துவீசக்கூடிய அணி அது. ஆனால் நிதிஷ் வீசியது ஒரே ஒரு ஓவர், வாஷிங்டன் நான்கு. 91க்கு 6 என்று கிடந்த ஆஸ்திரேலியா 234 வரை போனது. கடைசி விக்கெட்டுக்கு லயனும் போலண்டும் மட்டும் 61 ரன் சேர்த்தார்கள். அந்த டெஸ்டில் பும்ரா வீசியது மொத்தம் 53.2 ஓவர். அடுத்த வாரம் சிட்னியில் முதல் இன்னிங்ஸில் 10 ஓவர் போட்டதும் முதுகு பிடித்துக்கொண்டு வெளியேறினார். இரண்டாவது இன்னிங்ஸில் பந்தையே தொடவில்லை. 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா 4 விக்கெட் இழப்புக்கு எட்டியது. முதல் டெஸ்டிலிருந்தே சுமை குவிந்து வந்தது உண்மைதான், ஒரு ஆட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் நிதிஷ், வாஷிங்டனின் 164 ரன்னுக்கு எதிரே இந்த 53.2 ஓவரையும் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

2025 ஹெடிங்லி இதைவிட மோசம். எட்டாம் இடத்தில் ஷர்துல். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து ஆடிய 100.4 ஓவரில் அவருக்குக் கிடைத்தது ஆறு. இரண்டாவதில் 82 ஓவரில் பத்து. அந்தப் பத்தில் இரண்டு விக்கெட்டும் எடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பேட்டிங்கில் 1, 4. எட்டிலிருந்து பதினொன்று வரை நால்வரும் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து அடித்தது 9 ரன். பேட்டிங் ஆழத்துக்காக ஒருவரை எடுத்தும் ஆழம் வரவில்லை, பந்துவீச்சில் ஓர் ஆள் குறைந்ததுதான் மிச்சம். 371ஐ இங்கிலாந்து 5 விக்கெட்டில் துரத்தி முடித்தது.

எதிர்த்தரப்பு எப்போதும் எடுத்துப் போடும் துருப்புச்சீட்டு 2021 பிரிஸ்பேன். 186க்கு 6 என்ற நிலையில் ஷர்துல் 67, வாஷிங்டன் 62, ஏழாவது விக்கெட்டுக்கு 123. அந்தக் கூட்டணி எல்லோருக்கும் மனப்பாடம். அதே ஆட்டத்தின் பந்துவீச்சு அட்டையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? முதல் இன்னிங்ஸில் வாஷிங்டன் வீசியது 31 ஓவர், அணியிலேயே அதிகம். ஷர்துல் 24, நடராஜன் 24.2, மூவருக்கும் தலா மூன்று விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் ஷர்துலுக்கு இன்னும் நான்கு. பும்ரா, அஸ்வின், ஜடேஜா யாருமே இல்லாததால் கேப்டனுக்கு வேறு வழியில்லை, இவர்களிடம் முழுப் பங்கையும் கொடுத்தார். பிரிஸ்பேனில் இவர்கள் முழு பவுலர்களாக ஆடினார்கள். மெல்போர்னில் அதே வாஷிங்டன் இரண்டாவது இன்னிங்ஸில் நான்கு ஓவர் ஆள். ஆக, பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. பந்து எத்தனை ஓவர் அவர் கைக்குப் போகும் என்பதுதான் அளவுகோல்.

இனி நியூசிலாந்து. அங்கே கூக்கபுரா நிறுவனத்தின் பந்து. முதல் 20 ஓவர் ஸ்விங் இருக்கும், பிறகு தையல் அமுங்கி பந்து மென்மையாகிவிடும். 80வது ஓவரில் புதுப் பந்து வரும்வரை நடுவில் 60 ஓவரை ஓட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் ஐந்தாவது பவுலரின், அதாவது எட்டாம் இடத்துக்காரரின் தரம் தெரியும். 2020 பயணத்தில் நடந்ததைப் பாருங்கள். வெலிங்டனில் நியூசிலாந்து 225க்கு 7, முடித்தது 348. கிறைஸ்ட்சர்ச்சில் 177க்கு 8, முடித்தது 235. வாலை, அதாவது கடைசி வரிசையைச் சுருட்ட முடியாமல் விட்டது 181 ரன். இரண்டு இடத்திலும் உயிரை வாங்கியவர் அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் கைல் ஜேமிசன், 44ம் 49ம் அடித்து. அவர் அணிக்குள் வந்தது பந்துவீச்சுக்காக. வெலிங்டனில் 4 விக்கெட், கிறைஸ்ட்சர்ச்சில் 5. ரன் எல்லாம் உபரி வரவு.

அந்தத் தொடரில் இந்தியா எடுத்தது 165, 191, 242, 124. 'பேட்டிங்தானே படுத்தது, அப்போ பேட்டிங்கைத்தானே நீட்டணும்?' என்று கேட்கலாம். முதல் ஏழு பேர் தோற்ற இடத்தில் எட்டாமவர் 25 ரன் அடித்து எந்த ஆட்டத்தைத் திருப்புவார்? அதைவிட, கடைசி மூன்று பேரை வலைப்பயிற்சியில் கூடுதலாக ஒரு மணி நேரம் நிறுத்தி, விலா எலும்புக்கு வரும் பந்தை விட்டு ஒதுங்கவும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதைத் தொடாமல் விடவும் பழக்குவது மலிவான வழி. பலன் கிடைக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2021 லார்ட்ஸில் ஷமியும் பும்ராவும் பிரியாமல் 89 சேர்த்தார்கள். 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஃபாலோ-ஆனை (உடனே மறுபடி பேட் செய்ய வேண்டிய நிலையை) தவிர்த்தது பும்ரா, ஆகாஷ் தீப் என்ற கடைசி ஜோடி. குல்தீப்பும் மட்டையைப் பிடிக்கத் தெரியாதவர் இல்லை. ராஞ்சியில் 131 பந்து நின்று 28 எடுத்து ஜுரேலுக்குத் துணை நின்றார். சட்டோகிராமில் 40 ரன்னும் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்டில் அவரை உட்கார வைத்தது தனிக் கதை.

சரி, விக்கெட் எடுக்கிற பவுலர் என்றால் குல்தீப்பா, நான்காவது வேகமா? ஆடுகளம் பச்சையாக இருந்தால் தயங்காமல் நான்காவது வேகம். 2021 சவுத்தாம்ப்டன் இறுதிப் போட்டியில் மேகமூட்டத்திலும் இரண்டு சுழலோடு இறங்கினோம், எதிரணியோ ஒரு சுழல்கூட இல்லாமல் வந்து எட்டு விக்கெட்டில் ஜெயித்தது. காய்ந்த ஆடுகளம் என்றால் குல்தீப். ஆனால் இதை அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. 2019 சிட்னியில் 99 ரன்னுக்கு 5 எடுத்தவர், அதற்கு முந்தைய ஆண்டு லார்ட்ஸில் விக்கெட் இல்லாமல் திரும்பியவரும் அவரே. குளிரில் விரல் விறைத்தால் மணிக்கட்டு சுழலுக்குப் பிடி தவறும், பாதி ஆடுகளத்திலேயே குத்தி எளிதாக அடிபடும் அரை டிராக்கர் விழும். அவரை எடுத்தால் பேட்டருக்கு அருகே ஸ்லிப், ஷார்ட் லெக் இரண்டையும் வைத்துவிட்டு எல்லைக்கோட்டருகே லாங்-ஆனிலும் டீப் மிட்விக்கெட்டிலும் ஆள் நிறுத்த வேண்டும். ரன் போகும், அதைத் தாங்கும் மனசு கேப்டனுக்கு வேண்டும். இரண்டு பவுண்டரி போனதும் மாற்றுவதானால் எடுக்கவே வேண்டாம்.

நான்கு வேகத்தில் இன்னொரு சிக்கல் ஓவர் வேகம். குறித்த நேரத்துக்குள் வீசி முடிக்காமல் குறையும் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு சாம்பியன்ஷிப் புள்ளி போய்விடும். 2025 லார்ட்ஸில் ஜெயித்த இங்கிலாந்தே இரண்டு புள்ளி இழந்தது. ஜடேஜா மடமடவென்று ஓவரை முடிப்பவர் என்பதால் இந்தியாவுக்கு இதில் ஓரளவு நிம்மதி.

ஒரே ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம், வாஷிங்டனுக்கு. 2025 லார்ட்ஸில் இரண்டாவது இன்னிங்ஸில் 22 ரன்னுக்கு 4 எடுத்தவரை, அடுத்த டெஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டில் 60 ஓவர் தாண்டிய பிறகுதான் அழைத்தார்கள். வந்ததும் போப்பையும் புரூக்கையும் தூக்கினார். அதற்குள் இங்கிலாந்து வெகுதூரம் போயிருந்தது, 669 அடித்தது, பும்ரா 33 ஓவர் போட்டு டெஸ்டில் முதல்முறையாக ஒரே இன்னிங்ஸில் 100 ரன்னுக்கு மேல் கொடுத்தார். வாஷிங்டனைத்தான் எடுப்போம் என்று முடிவானால், பந்து மென்மையாகும் 25வது ஓவரிலேயே காற்றை எதிர்த்து வீசும் முனையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வெலிங்டன் காற்றை எதிர்த்து வேகப்பந்து வீச்சாளரை ஓடவைத்தால் மதியத்துக்குள் கால் தளர்ந்துவிடும். ஆஃப் ஸ்பின்னருக்கோ அதே காற்று பந்தை மிதக்கவைத்து வெளியே நகர்த்தித் தரும். ஸ்லிப்பை எடுக்காமல் அந்த முனையில் தொடர்ந்து 12 ஓவர் கொடுத்தால், பும்ராவும் சிராஜும் மறுமுனையில் மாறி மாறிக் காற்றோடு வரலாம்.