மண்ணில் குத்தினால் சத்து தெரியும் என்று சென்சார் விற்க வருகிறார்கள், உஷார்

கோபிசெட்டிபாளையம் பக்கம் நேந்திரன் வாழை வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கே வந்து ஒரு சென்சார் விற்றார்கள். ஐந்து எவர்சில்வர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி, கூடவே சோலார் பலகை, சிம், ஒரு வருடச் சந்தா. எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல். ஈரம் மட்டுமல்ல, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் போனிலேயே தெரியும், வாழை வாடுவதற்கு முன்பே எச்சரிக்கை வரும் என்றார்கள்.

தழைச்சத்து குறைந்தது போல இலை வெளிறிக்கொண்டே போனது. ஆப்பில் 'தழைச்சத்து போதுமானது'. சொட்டுநீரில் சாம்பல்சத்து உரமான பொட்டாஷ் மட்டும் விட்ட அன்று மூன்று சத்தும் சேர்ந்து ஏறின. மண் காய்ந்தால் மூன்றும் சேர்ந்து இறங்கின. இதென்ன கூத்து என்று, ஒரு சொம்புத் தண்ணீரில் கைப்பிடி சமையல் உப்பைக் கரைத்து அதில் கம்பிகளை விட்டோம். தழை, மணி, சாம்பல் மூன்றும் எகிறிவிட்டன! உப்பில் ஏது தழைச்சத்து?

இன்ஜினியரிங் படிக்கும் மச்சான் மகன்தான் விளக்கினான். அந்தக் கம்பிகள் பார்ப்பது மண்ணின் ஈரத்தையும், அதில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையும்தான். மண் பரிசோதனைச் சீட்டில் ஈ.சி. (மின்கடத்தும் திறன்) என்று போட்டிருப்பார்களே, அதுதான். எந்த உப்பு, எந்த உரம் கரைந்தாலும் அது ஏறும். அந்த ஒரே எண்ணை மூன்று விதமாகப் பெருக்கி மூன்று சத்து என்று காட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு சத்துக்கும் தனியாக மருந்து ஊற்றிப் பிரித்துப் பார்க்கிறார்கள். சாம்பல்சத்துக்கு, தீயில் தெரியும் ஒளியை அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டர் வேண்டும். கம்பி குத்தி அதை எப்படிப் பார்ப்பது?

சரி, ஈரமாவது ஒழுங்காகக் காட்டியதா? எங்களுடையது களிமண், காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு கம்பியை ஒட்டி வந்ததும் காற்றுதான் பட்டது. ஈரமே இல்லை என்று காட்டி ராத்திரியில் மோட்டாரைத் தானாகப் போட்டுவிட்டது. மண்ணுக்கு ஏற்றபடி அளவு சரிசெய்து தர வேண்டியது விற்றவர்கள் வேலை. கேட்டால், "மண்ணில் உப்பு அதிகம் சார்", அப்புறம் "அப்டேட் வரும் சார்", அப்புறம் போனே எடுப்பதில்லை. சந்தா முடிந்ததும் ஆப்பும் பூட்டிக்கொண்டது. பழைய கணக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஈரம் பார்க்கும் கருவி எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் டென்சியோமீட்டர் வைத்திருக்கிறார். தண்ணீர் நிரப்பிய குழாய், அடியில் மண்பாண்ட முனை, மேலே அளவு காட்டும் ஒரு முள். சிம்மும் இல்லை, சந்தாவும் இல்லை. அவ்வப்போது தண்ணீர் நிரப்பினால் போதும், முள்ளைப் பார்த்துத்தான் அவர் தண்ணீர் விடுகிறார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். பில் கேட்கிறார்கள். பணத்தை ஜிபேயில் ஒரு தனி ஆளின் நம்பருக்கு வாங்கிக்கொண்டு, பில் பின்னால் வரும் என்றவர்கள், இன்னும் அனுப்பவில்லை. அதே ஆட்கள் இப்போது பெட்டியில் வேறு பெயர் ஒட்டிக்கொண்டு சத்தியமங்கலம் பக்கம் சுற்றுகிறார்கள் என்று கேள்வி.