ரிமோட் கார் மோட்டாருக்கு லேத்தில் கடைந்த ஹீட் சிங்க்: ஓராண்டு ஓட்டத்துக்குப் பின்

36 மி.மீ. விட்டமுள்ள மோட்டார் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 3650 பிரஷ்லெஸ் இன்ரன்னரில் (பிரஷ் இல்லாமல், கூட்டுக்குள் காந்தம் சுழலும் வகை; 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம்) செம்புச் சுருள் கூட்டின் உட்சுவரை ஒட்டியே இருக்கும். அதனால் வெளியே மாட்டும் ஹீட் சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினிய வளையம், சூட்டை நன்றாக இழுக்கும். 540 பிரஷ் மோட்டாரில் (கார்பன் பிரஷ் வழியே மின்சாரம் போகும் வகை) சுருள் நடுவில் சுழல்கிறது. இடையில் காற்றும் காந்தமும் மறிக்கின்றன. அதற்கு வளையத்தைவிட, பின்பக்கத் துளைகளில் நேராகக் காற்றடிக்கும் ஃபேன்தான் உதவும். வெளிக்கூடே சுழலும் அவுட்ரன்னரில் வளையத்துக்கு வேலையே இல்லை.

50 மி.மீ. அலுமினிய ராடில் 35 மி.மீ. நீளம் போதும். உட்துளையை மோட்டாரை வெர்னியரில் அளந்த பிறகே கடையச் சொல்லுங்கள். பெயர் 36 என்றாலும் சில மோட்டார்கள் 35.8தான் இருக்கும். வெளியே 2 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. ஆழத்தில் பள்ளங்கள், இடையே 2 மி.மீ. ஃபின் (சூட்டை வெளியே விடும் தகடு). நடுவில் மட்டும் ஒரு பள்ளம் ஹோஸ் கிளிப் உட்காரும் அகலத்துக்கு. கடைசியில் ஹேக்சாவால் ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்து, உள்பிசிறை அரம், 400 எமரி கொண்டு எடுக்க வேண்டும். எடை 60 கிராம் பக்கம் வரும். பெரும்பாலான கார்களில் மோட்டார் குறுக்காகப் படுத்திருப்பதால், ஃபின்கள் ஓடும் காற்றின் திசையிலேயே நிற்கும். இதுதான் இந்த வடிவத்தின் பெரிய பலம்.

ஃபின் எத்தனை என்பதைவிட வளையம் மோட்டாரோடு ஒட்டுவதுதான் முக்கியம். மோட்டாரின் ஸ்டிக்கரை உரித்து, பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கே தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் களிம்பு) தடவுங்கள். தடித்துப் பூசினால் பேஸ்டே சூட்டுக்குத் தடை. மலிவான வெள்ளை பேஸ்ட் சில மாதங்களில் சுண்ணாம்புபோல் உலர்ந்து உதிர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கிளிப்பை வெறி கொண்டு முறுக்கக் கூடாது, மெல்லிய கூடு நெளியும்.

30 மி.மீ., 5 வோல்ட் ஃபேனை ரிசீவரின் காலி இணைப்பில் கொடுங்கள். பிரஷ் மோட்டாரின் முனைகளிலேயே சால்டர் செய்தால், ரிவர்ஸ் போகும்போது துருவம் மாறி ஃபேன் வீணாகும். ஃபேன் தாங்கியை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் 60 டிகிரியில் இளகித் தொங்கும், பிஇடிஜி பிளாஸ்டிக் தாங்குகிறது. மண் தடத்தில் முதலில் சாவது ஃபேன்தான். பள்ளங்களில் புழுதி அடைந்துவிட்டால் ஹீட் சிங்க்குக்கு வெறும் கனம்தான் மிச்சம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

ஐஆர் (அகச்சிவப்பு) தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். மோட்டாரின் முகப்பில் சிறு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். நிறுத்தியபின் இரண்டு மூன்று நிமிடம் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அந்த உச்சத்தையே கணக்கில் எடுங்கள். அது 80 டிகிரியைத் தாண்டினால் வளையத்தைப் பெரிதாக்க வேண்டாம், பினியனில் (மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரம்) ஒரு பல்லோ இரண்டு பல்லோ குறையுங்கள்.