சத்தம் கேட்டு வண்டி ஓட்டுகிறவன் கையில் நாலு நாள் பி.இ. 6

நான் கார் விமர்சகன் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறவன். கல்யாண மண்டபம், ஐஸ் ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, முதுநகர் பக்கம் மீன் கம்பெனி என்று இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பே காதுதான். டேப்பெட் லூஸா, இன்ஜெக்டர் சொட்டுகிறதா, பேரிங் போகப் போகிறதா என்பதையெல்லாம் மூடியைக் கழற்றும் முன்பே காது சொல்லிவிடும்.

சொந்தக் கார் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரை சக்தி. இன்றைக்கு அது ஒரு பெரிய எண்ணே இல்லை, தெரியும். ஆனால் ஐயாயிரம் ஆர்.பி.எம். தாண்டியதும் இன்டேக் வால்வுகளை இன்னொரு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) எடுத்துக்கொள்ளும். அதுவரை முனகிக்கொண்டிருந்த இன்ஜின் அந்த இடத்தில் குரலை மாற்றி உறுமும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை வருஷம் விற்காமல் வைத்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், கடற்காற்று கதவின் அடிப்பக்கத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. 2027-ல் மறுபதிவு. இருபது வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். வீட்டில் "எலக்ட்ரிக் வாங்கேன்" என்று ஒரு வருஷமாக நச்சரிப்பு.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் மஹிந்திராவின் எலக்ட்ரிக் கார் பி.இ. 6 வாங்கியிருக்கிறார். பெரிய பேட்டரி, 79 கிலோவாட் ஹவர், உச்ச மாடல். சித்திரைக் கடைசியில் ஒரு நாள், "மாப்பிள்ளை, நாலு நாளைக்கு வண்டியை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "கிளட்ச் மிதிச்சு எத்தனை நாளாச்சு மச்சான்" என்று உடனே சாவியை நீட்டிவிட்டார்.

எண்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 286 பி.எஸ்., 380 நியூட்டன் மீட்டர், பின்சக்கர ஓட்டம். பூஜ்யத்திலிருந்து நூறு, கம்பெனிக் கணக்கில் 6.7 வினாடி. என் சிட்டிக்குப் பத்துக்கு மேல். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமானது. செங்கல்பட்டு மஹிந்திரா சிட்டியில் இருக்கும் அவர்கள் ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி. ஃபார்முலா ஈ பந்தயம் தொடங்கிய 2014-லிருந்து மஹிந்திரா அணி அதில் ஓடுகிறது, முதல் சீசனில் அவர்களுக்கு ஓட்டியவர் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக். அதனால் எலக்ட்ரிக்கில் வேகம் எப்படி வரும் என்பது இவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

லாஸ்பேட்டையிலிருந்து கடலூருக்கு வரும்போதே காது குழம்பிவிட்டது. சிட்டியில் எண்பதுக்கு என்ன சத்தம், நூறுக்கு என்ன சத்தம் என்று எனக்கு அத்துப்படி. மீட்டரைப் பார்க்கவே மாட்டேன். இதில் தவளக்குப்பம் தாண்டி, எழுபதில் போகிறேன் என்று நினைத்துத் திரையைப் பார்த்தால் நூற்றிரண்டு. சட்டென்று காலை எடுத்தேன். அப்புறம் இன்னொரு வேடிக்கை. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையில் டேங்க் நிரப்பிக்கொண்டு ஊர் திரும்புவது எங்கள் ஊர்க்காரர்களின் பரம்பரை வழக்கம், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். பங்க்குகளைப் பார்த்ததும் கை தன்னால் இண்டிகேட்டருக்குப் போனது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டேன். மாப்பிள்ளை டிக்கியில் வைத்திருந்த சின்ன சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை என்கிறது. மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். 11 வோல்ட். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. ஊருக்கெல்லாம் எர்த் குழி தோண்டிக் கொடுக்கிறவன் வீட்டில் எர்த் இல்லை. என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டாம். எங்கள் தெருவில் முக்கால்வாசி மணல்தான். கோடையில் ஈரம் போய்விட்டால் குழாய் மட்டும் மண்ணுக்குள் சும்மா நிற்கும், கரண்ட் இறங்காது. ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இதைக் கண்டுகொள்வதில்லை. இந்த சார்ஜர் கண்டுகொள்கிறது. அது குறை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். எலக்ட்ரிக் கார் வாங்க யோசிக்கும் கடலோரத்துக்காரர்கள் கலரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். அன்று ராத்திரி வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி சார்ஜ் போட்டேன்.

மூன்றாம் நாள் ஏற்காடு. வேகக் கார் பிடித்தவனுக்கு நேர் சாலையில் என்ன இருக்கிறது, வளைவில்தானே விஷயம். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர். 96 சதவீதம் சார்ஜ். நெய்வேலி தாண்டுமுன் அம்மா தூங்கிவிட்டாள். சிட்டியில் ஒருநாளும் தூங்கியதில்லை, "உன் வண்டி கத்துது" என்பாள்.

வேப்பூருக்கு முன்னால் இரண்டு டிரெய்லர் கட்டிய கரும்பு டிராக்டர். எதிரே ஒரு பஸ் தூரத்தில். சிட்டியாக இருந்தால் அந்த இடத்தில் எனக்கு ஒரு சடங்கு உண்டு: நாலிலிருந்து மூன்று, போதாது, இரண்டு, இன்ஜின் ஐயாயிரம் தொடும்வரை மனசு படபடக்கக் காத்திருந்து, அது உறுமியதும் வெளியே வருவது. இதில் மிதித்தேன், டிராக்டர் கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. அவ்வளவுதான். அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை. பஸ் இன்னும் தூரத்திலேயே இருந்தது. இதைவிடப் பாதுகாப்பாக முந்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றும் செய்யாமல் ஜெயித்தது போல ஒரு கூச்சம்.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி. இங்கேதான் இந்த வண்டி எனக்குப் பிடித்தது. எடை இரண்டு டன்னுக்கு மேல், சிட்டியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்த எடையில் கணிசமான பகுதி காலடியில் இருக்கும் பேட்டரி. அதனால் வளைவில் உடம்பு சாய்வதே இல்லை. நாலாவது வளைவில், ஸ்டீயரிங் நேராகிக்கொண்டிருக்கும்போதே காலை அழுத்தினால் பின்சக்கரம் முதுகில் கை வைத்துத் தள்ளுவது தெரிகிறது. முன்சக்கரக் காரில் இருபது வருஷம் கழித்தவனுக்கு அது புது ருசி. ஸ்டீயரிங்கில் பூஸ்ட் என்று ஒரு பொத்தான், அழுத்தினால் பத்து வினாடிக்கு முழு சக்தியும் வரும். ஒன்பதாவது வளைவு தாண்டி ஒருமுறை அழுத்தினேன். அம்மா எழுந்துவிட்டாள். அத்தோடு சரி.

ஆனால் எடையை மறைக்க முடியாது. கொஞ்சம் வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டால் டயர் அந்த இரண்டு டன்னையும் நினைவுபடுத்துகிறது. சிட்டி தப்பைச் சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும். இது ரொம்ப நேரம் மரியாதையாகப் பேசாமல் இருந்துவிட்டு டயர் வழியாக ஒரு வார்த்தை சொல்கிறது. இறங்கும்போது மட்டும் எந்தப் புகாரும் இல்லை. சிட்டியில் ஏற்காடு இறங்கினால் இரண்டாம் கியர் போட்டும் அடிவாரத்தில் பிரேக் வாடை வரும். இதில் ஒற்றைப் பெடல் முறையில் (காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பும்) வைத்து, பிரேக்கை மூன்று தடவைதான் தொட்டேன். ஏறும்போது போனது 13 சதவீதம், இறங்கும்போது 3 சதவீதம் திரும்பி வந்தது. மலை இறங்கியதற்குப் பெட்ரோல் பங்க்கில் யாராவது காசு திருப்பித் தருவார்களா?

சத்தத்துக்கு வருகிறேன். இந்த வண்டியின் ஒலிகளை ஏ.ஆர்.ரகுமான் அமைத்திருக்கிறார். கதவு திறந்தால் ஒன்று, கிளப்பினால் ஒன்று. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வண்டி சொல்லும் செய்தி இல்லை, வண்டிக்குப் போட்ட பாட்டு. ஹூண்டாயின் ‘ஐயானிக் 5 N’ என்ற எலக்ட்ரிக் காரில் இல்லாத கியரை இருப்பது போலக் காட்டி, மாற்றும்போது ஒரு வெட்டும் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பந்தயக்காரர்களே அதைப் பாராட்டுகிறார்கள். எனக்கு என்னவோ அது பொய்ப்பல் மாதிரி. மெல்லலாம், ருசி ஈறுக்குத்தானே தெரியும்.

திரும்பும்போது 44 சதவீதத்தில் கடலூர் சேர்வது கத்திமேல் நடப்பது மாதிரி. அதனால் சார்ஜ் போட நிறுத்தினோம். முதல் இடத்தில் மெஷின் உயிரோடு இல்லை. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது, காவலாளி "ரெண்டு நாளா இப்படித்தான் சார்" என்றார். ஆத்தூர் தாண்டி இன்னொரு ஹோட்டலில் 60 கிலோவாட் மெஷின் வேலை செய்தது. போய்ச் சேர்ந்தபோது 37, நாற்பது நிமிஷத்தில் 80 சதவீதம், யூனிட் 24 ரூபாய். தோசை, காபி, அம்மா பக்கத்து மேஜைக்காரர்களோடு சொந்தம் கண்டுபிடித்தது, எல்லாம் அதற்குள் முடிந்தது. வீட்டுக் கரண்ட் என்றால் அதில் பாதி விலைகூட ஆகாது. மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

உளுந்தூர்பேட்டை, மடப்பட்டு வழியாக வந்து பண்ருட்டியில் பலாப்பழம் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டேன். நெல்லிக்குப்பம்வரை அது உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. சிட்டியில் நாலு பழம் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அங்கேதான் ஒன்று உறைத்தது. இந்த வண்டியில் காதுக்கு வேலை இல்லை என்று நாலு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன், ஆனால் காது சும்மா இருக்கவில்லை. தார் மாறுவது, டயரில் ஒட்டிய சரளை, ஏ.சி. கம்ப்ரஸர் ஏறி இறங்குவது, எல்லாம் கேட்கிறது. முன்னே இன்ஜின் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டிருந்தது.

கடலூர்க்காரன் புயலை நினைக்காமல் கார் வாங்க முடியாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் ராத்திரி புதுச்சேரியும் நாங்களும் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். பெட்ரோல் வண்டி இன்ஜினுக்குள் தண்ணீர் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதில் பேட்டரிக்கு ஐ.பி. 67 பாதுகாப்பு, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி. அதற்காக வெள்ளத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி கரண்ட். 2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான் தூங்கியதே இல்லை, அத்தனை ஜெனரேட்டர் வேலை. அப்படி ஒரு நிலை வந்தால்?

என் தொழில் புத்தி கணக்குப் போட்டது. ஒழுங்காகப் பராமரித்த ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கொடுக்கும். வீணாவதையும் சேர்த்து இந்த பேட்டரியை முழுக்க நிரப்ப 26 லிட்டர் ஆகும். நான் ஓட்டின ஓட்டத்துக்கு அதில் 450 கிலோமீட்டர் போகலாம். லிட்டருக்குப் பதினேழு. டீசலை எரித்துக் கரண்ட் எடுத்து அதை பேட்டரியில் ஊற்றி ஓட்டினாலும் பதினேழு கொடுக்கிறது, என் சிட்டி நேரடியாகப் பெட்ரோல் குடித்துப் பன்னிரண்டுதான். மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரிதான்.

79 வேண்டாம், 59 கிலோவாட் ஹவர் பேட்டரி போதும் என்று முடிவு. அதிலும் அதே 380 நியூட்டன் மீட்டர், 231 பி.எஸ். எனக்கு வாரத்துக்கு மூன்று தடவை பாண்டி, மாதத்துக்கு ஒரு தடவை சிதம்பரம். ஆரம்ப மாடல் வந்தபோது 18.90 லட்சம், சார்ஜர் தனி. பி.ஒய்.டி. சீல் 530 பி.எஸ்., 3.8 வினாடி என்று நண்பர்கள் ஆசை காட்டுகிறார்கள். 53 லட்சத்துக்கு வந்த வண்டியை மஞ்சக்குப்பம் சிக்னலில் வைத்து நான் என்ன செய்ய? சிட்டியை விற்றால் ஒரு லட்சம்கூடத் தேறாது. விற்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினம்வரை போய்வர அதற்கு ரெண்டு லிட்டர் போதும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாப்பிள்ளை சிட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கிறதாம், ஆனால் "அந்த ஐயாயிரத்துக்கு மேல..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா மச்சான்?" இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கேட்டுக்குப் பக்கத்தில் எட்டடி குழி. குழாயை இறக்கி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, மேலே களிமண். "காரே புக் பண்ணல, யாருக்கு இந்தக் குழி?" என்றாள் மனைவி. மூன்று குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மீட்டரை வைத்தேன். 1.8 வோல்ட்.