ட்ரோன் இணைய மறுக்கிறதா: போன் வைஃபையா, கன்ட்ரோலரா?

போன் வைஃபையில் நேரடியாக இணையும் ட்ரோன் என்றால், கோளாறு பெரும்பாலும் போனில்தான். ட்ரோனின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவையும் விபிஎன்னையும் அணையுங்கள். ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுங்கள்.

கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர் என்றால் முதல் சந்தேகம் அதையும் போனையும் இணைக்கும் கேபிள் மீது. சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா கம்பிகளே இருக்காது. போனில் சார்ஜ் ஏறும், ஆப் மட்டும் 'இணைக்கப்படவில்லை' என்றே அடம்பிடிக்கும். கேபிள் சரியாக இருந்தும் கன்ட்ரோலருக்கே ட்ரோன் தெரியவில்லையா? இரண்டையும் மறுபடி லிங்க் செய்யுங்கள், அதாவது ஒன்றோடொன்று இணையுங்கள். டிஜேஐ மினி 2 என்றால் ஆப்பில் லிங்க்கைத் தொடங்கிவிட்டு, ட்ரோனின் பவர் பட்டனை 4 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பீப் ஒலி கேட்கும். அப்போது ட்ரோனும் கன்ட்ரோலரும் அரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

இரண்டு வசதியும் இருந்தால் கன்ட்ரோலரே மேல்: எங்கே அறுந்தது என்பதாவது தெரியும்.