புளோக்கின் கீழே எந்தக் கலை? சுவரோவியம், டைல் சித்திரம், சிலை, கோலம், நாடகம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வட்டாரக் குழுவின் கையில் கொஞ்சம் நிதி வந்துவிட்டால், "கீழ்த்தளத்தில் ஒரு சுவரோவியம் போடலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதனால் இங்கே என்ன மாற வேண்டும் என்று கேட்பதற்குள் பெயிண்ட் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். வெளியாட்கள் வந்து படம் எடுக்க வேண்டுமா? மூன்றாம் மாடி மலாய்ப் பாட்டியும் ஒன்பதாம் மாடித் தமிழ்க் குடும்பமும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமா? எல்லாரும் மென்று விழுங்கும் ஒரு விஷயத்தை வாய்விட்டுப் பேச வைக்க வேண்டுமா? இந்த மூன்றையும் ஒரே கலை செய்துவிடாது.

பெயர்பெற்ற ஓவியரின் சுவர்

கண்ணுக்கு உடனே பலன் தெரிவது இதில்தான். யிப் யூ சோங் 2015இல் எவர்ட்டன் ரோட்டில் வரையத் தொடங்கியபோது அவர் முழுநேர ஓவியர்கூட இல்லை, கணக்காளர். 2017இல் தியான் ஹோக் கெங் சீன ஆலயத்தின் பின்சுவரில், அமோய் ஸ்திரீட் பக்கமாக, ஹொக்கியன் சீனக் குடியேறிகளின் கதையை 44 மீட்டர் நீளத்துக்கு வரைந்தார். யாரும் நின்று பார்க்காத பின்பக்கச் சுவர் அதன்பிறகு ஆட்கள் தேடி வரும் இடமானது. தேக்காவில் (லிட்டில் இந்தியா) லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் 2015இல் தொடங்கிய ஆர்ட்வாக் திட்டம் இதே வழியில் போனது. பெலிலியோஸ் லேனில் சைஃபூல் 2016இல் வரைந்த சுவரில் கிளி ஜோசியரும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை) விற்பவரும் இன்றும் நிற்கிறார்கள்.

இந்த வகை ஓவியம் ஓர் இடத்துக்கு முகம் கொடுக்கிறது, கடைக்காரருக்கு வியாபாரம் கொடுக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டாரைப் பேச வைப்பது அரிது, ஏனென்றால் வரைவதற்கு முன் அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பழைய தொழில்களை வரைவதில் ஒரு வசதியும் உண்டு: யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆட்சேபணையே எழாத சுவர் அழகாக இருக்கும், ஆனால் யாருடைய எண்ணத்தையும் அசைக்காது.

2024இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஷான் டன்ஸ்டன் வரைந்த சம்சூய் பெண் (சீனாவிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்த பெண்களில் ஒருவர்) இதற்கு நேர்மாறு. அவர் விரலிடுக்கில் இருந்த சிகரெட்டைப் பற்றி ஊரே பேசியது. உழைத்துக் களைத்த பெண்ணை எப்படிக் காட்டலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற விவாதம் வாரக்கணக்கில் ஓடியது. ஓவியம் அப்படியே நிற்கலாம் என்று கடைசியில் முடிவானது. முன் அனுமதி பெறாமல் வேலையைத் தொடங்கியதற்காகக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம். பாதுகாக்கப்பட்ட கடைவீட்டில் வரைய உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் என்றால் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும்.

குடியிருப்பாளர்களே வரையும் சுவர்

பெரும்பாலும் இது "எண் பார்த்துப் பூசு" வேலையாகச் சுருங்கிவிடுகிறது. ஓவியர் கோடு போட்டு எண் எழுதி வைப்பார், சனிக்கிழமை காலை தொண்டூழியர்கள் வந்து கட்டங்களை நிரப்புவார்கள், குழுப்படம் எடுப்பார்கள், கலைந்துவிடுவார்கள். பூசியவர் பாதிப் பேர் அந்த புளோக்கில் குடியிருக்கவே மாட்டார்கள். கை பட்டதே தவிர, முடிவில் யாருக்கும் பங்கில்லை.

பங்கு வேண்டுமானால் வேலை மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். வசிப்போர் குழு அறையில் மாலைக் கூட்டம் போட்டால் எப்போதும் வருகிறவர்களே வருவார்கள். காலை 7 முதல் 9 வரை காப்பிக்கடையில் உட்கார்ந்தால் முதியவர்கள் கிடைப்பார்கள். இல்லப் பணிப்பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பார்கள். அங்கே திரட்டிய கருத்துகளை வைத்து இரண்டு மூன்று வரைவுகள் தயாரித்து, பெரிய அட்டையில் மின்தூக்கி வாசலில் இரண்டு வாரம் வையுங்கள். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். சிவப்பு குவிகிற இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. அதை அழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

இனி சுவர். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், அதாவது 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். காரம் தாங்கும் சீலர் ஒரு பூச்சுக்கு 3 லிட்டர், வெள்ளை அடிப்பூச்சு இரண்டு முறைக்கு 6 லிட்டர், அதன்மேல் ஐந்தாறு நிறங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் என்றால் 28 நாள் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் காரமும் ஈரமும் மேலே வந்து உப்புப் பூக்கும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். பழைய சுவரில் கறுப்பாகத் தெரிவது அழுக்கில்லை, பூஞ்சை. பூஞ்சைக்கொல்லி தடவித் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டுத்தான் சீலர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் குழந்தையின் முகத்தில் மீசை முளைத்ததுபோல் பூஞ்சை திரும்பி வந்து நிற்கும்.

மேற்குப் பார்த்த சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். செங்காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். டிசம்பர், ஜனவரி பருவமழையில் வெளிச்சுவரைத் தொட வேண்டாம், பிப்ரவரி தோதானது. தொண்டூழியர்களின் வேலை எட்டும் உயரத்தோடு நிற்கட்டும். 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய வேலைக்குப் உயரத்தில் வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். தூரிகையைச் சாக்கடையில் கழுவக் கூடாது, மழைநீர் வடிகால் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

இவ்வளவு செய்த பிறகும் ஓர் உண்மை மிச்சம் இருக்கிறது. நகர மன்றங்கள் 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை புளோக்குகளுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உங்கள் ஓவியமும் அந்தப் பூச்சுக்குள் போய்விடும்.

டைல் சித்திரம்: எங்கள் முதல் தேர்வு

தோ பாயோ லோரோங் 6இல் நிற்கும் டிராகன் விளையாட்டுத் திடலை எல்லாருக்கும் தெரியும். கோர் இயன் கீ 1979இல் வடிவமைத்தது. தோலெல்லாம் சில்லு பதித்த அந்த உடம்பின் மேல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஏறி இறங்கிவிட்டார்கள். நிறம் போகவில்லை. சுற்றியிருந்த புளோக்குகள் போன பிறகும் அதை விட்டுவைத்தார்கள்.

டைல் சித்திரத்தின் பலம் நீடிப்பதில் மட்டும் இல்லை. சுவர் முன்னால் நிற்க முடியாத எழுபது வயதுக்காரர் மேசையில் உட்கார்ந்து செய்யலாம். வேலை மெதுவாகப் போகும், கை ஓடும்போது வாயும் ஓடும். பெயிண்ட் ஒரு காலையில் முடிந்துவிடும், இது வாரக்கணக்கில் அதே ஆட்களை அதே மேசைக்கு வரவழைக்கும். நட்பு அப்படித்தான் உண்டாகிறது.

சில்லுகளை முதலில் வலைத்துண்டுகளில் ஒட்டி, பிறகு அவற்றைச் சுவரில் பதிக்க வேண்டும். கணக்கு இதுதான். 30 செ.மீ. சதுர வலைத்துண்டு ஒன்றில் 2 செ.மீ. சில்லுகள் ஏறத்தாழ 180 பிடிக்கும். ஆறு சதுர மீட்டருக்கு 67 வலைத்துண்டுகள். ஒருவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றை முடிப்பார் என்றால், இருபது பேருக்கு நான்கு அமர்வுகள். சில்லு வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும்.

தவறு நேர்வது இரண்டு இடங்களில். வலையில் ஒட்டச் சாதாரண வெள்ளைப் பசை பயன்படுத்தினால் ஈரம் பட்டதும் இளகிவிடும், தண்ணீர் தாங்கும் பசைதான் வேண்டும். அடுத்து, பழைய பெயிண்ட் மேலேயே ஒட்டிவிடுவார்கள். பசை பெயிண்டைப் பிடிக்கும், பெயிண்ட் சுவரை விட்டுவிடும், ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோ எடை கீழே வரும். சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, பாலிமர் கலந்த டைல் பசையைப் பல்கரண்டியால் தடவி ஒட்ட வேண்டும். காய்ந்த பின் ஒவ்வொரு பகுதியையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று வெற்றோசை கேட்டால் கழற்றி மறுபடி ஒட்டுங்கள்.

சிலைகள்

நிரந்தரச் சிலை குடியிருப்புக்கு ஏற்றதல்ல என்பதே எங்கள் கருத்து. செலவு அதிகம், முடிவு மேலிருந்து வருகிறது, பத்து நாளில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. ஆற்றோரம் செட்டியார்களையும் இன்றைய நிதித் துறையினரையும் சேர்த்து வைத்த சிலைத்தொகுதி இருக்கிறது. நம் வரலாறு நகர மையத்தில் நிற்பது பெருமைதான், ஆனால் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

தற்காலிகச் சிலை வேறு. 2019 ஜனவரி முதல் வாரத்தில், ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்ததன் இருநூறாண்டு நினைவையொட்டி, ராஃபிள்ஸ் சிலை பின்னாலிருக்கும் கட்டடத்தோடு கரைந்து மறைவதுபோல் டெங் காய் வெய் வண்ணம் பூசினார். சில நாள்களில் சாங் நீல உத்தமா, தான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை ஆகியோரின் சிலைகள் ராஃபிள்ஸ் பக்கத்தில் வந்து நின்றன. இந்நகரைக் கட்டியவர் ஒருவர்தானா என்ற கேள்வி சாப்பாட்டு மேசைவரை போனது. மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளை யாரென்று பல பிள்ளைகள் அப்போதுதான் கேட்டார்கள்.

கோலம்

மலிவானது, ஒரே நாளில் முடிவது, எந்தச் சுவரும் வேண்டாம். பொங்கல் சமயத்தில் 15 புள்ளி, 15 வரிசைக் கோலம் ஒன்றுக்கு நான்கு பேர் என்று கலந்து உட்கார வையுங்கள், ஒவ்வொரு குழுவிலும் கோலம் தெரிந்தவர் ஒருவர் போதும். சீன ஆன்ட்டி புள்ளி எண்ணுவதைப் பக்கத்து வீட்டு அக்கா திருத்தும்போது உறவு தொடங்கிவிடும். பளபளப்பான தரையில் ரங்கோலிப் பொடி வழுக்கும் என்பதால் நடைபாதையை விட்டுத் தள்ளிப் போடுங்கள். அன்று மாலையே கூட்டி அள்ளிவிட வேண்டும், அரிசி மாவென்றால் புறாவும் எறும்பும் வரும். இதன் குறை, மறுநாள் நினைவு மட்டுமே மிஞ்சும். ஆண்டுதோறும் செய்தால்தான் பலன்.

ஃபோரம் தியேட்டர்

மனத்தாங்கல் இருக்கும் புளோக்கில் பெயிண்ட் அடித்துப் பயனில்லை. 2011இல் அண்டை வீட்டுக் கறி வாசனையைப் பற்றிய புகார் சச்சரவாகிச் செய்தியானபோது, அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் வீட்டில் கறி சமைத்துத் தங்கள் ஆதரவைக் காட்டினார்கள். அதுபோன்ற விஷயங்களுக்கு நாடகமே பொருத்தம். பிரேசிலின் அகுஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய முறை இது. 15, 20 நிமிட நாடகம் தீர்வில்லாமல் முடியும். மறுபடி நடிக்கும்போது பார்வையாளர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி, பாத்திரத்தின் இடத்தில் தானே நடித்துக் காட்டலாம். இங்கே 1994இல் இதற்கும் நிகழ்த்துகலைக்கும் (பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்) அரசு நிதி நிறுத்தப்பட்டது, திரும்பக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நாடகக் குழுவான டிராமா பாக்ஸும் சமூகக் கலை அமைப்பான ஆர்ட்ஸ்வோக்கும் 2013இல் தொடங்கிய 'போத் சைட்ஸ், நவ்' முயற்சி, சாவைப் பற்றிய பேச்சை மருத்துவமனையிலிருந்து புளோக்கடிக்கே கொண்டு வந்தது.

கெட்டவன் யாரென்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால் நாடகம் தோற்றது, இரு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். "போலீஸைக் கூப்பிடு" என்று யாராவது எளிய வழி சொன்னால், நடத்துநர் கூட்டத்தைப் பார்த்து "நம்ம வீட்டில் இது நடக்குமா?" என்று கேட்க வேண்டும். ஐம்பது, அறுபது பேருக்கு மேல் வேண்டாம். கீழ்த்தளத்தில் எதிரொலி அதிகம் என்பதால் பாய் விரித்து, பார்வையாளரை நெருக்கமாக மூன்று பக்கமும் உட்கார வையுங்கள். இரவு 8க்குத் தொடங்கினால் 9.30க்குள் முடியும். கலை நிகழ்ச்சி உரிமத்துக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

அனுமதியில்லாமல் செய்வது என்ற வழியையும் சிலர் யோசிப்பார்கள். 2012இல் சமந்தா லோ சாலையில் அச்சிட்ட 'மை கிராண்ட்ஃபாதர் ரோடு' ஊரைப் பேச வைத்தது, மறுக்க முடியாது. அடுத்த ஆண்டு 240 மணி நேரச் சமூக சேவை தண்டனையாக விதிக்கப்பட்டது. நாசவேலைச் சட்டத்தில் பிரம்படியும் உண்டு. இளையர்களை அந்த வழியில் அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

எதை எடுத்தாலும்

தொடங்கும் முன் ஒரு வாரம், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் அந்த இடத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்: ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்கியவர் எத்தனை, பேசிக்கொண்டவர் எத்தனை, எந்த மொழியில். மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மறுபடி எண்ணுங்கள். திறப்பு விழாக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகர மன்றத்தோடு போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்கட்டும்: பழுதை யார் பார்ப்பது, எத்தனை ஆண்டு, அகற்றுவதென்றால் எத்தனை வாரம் முன்பு குடியிருப்பாளர்களிடம் சொல்வது. மீந்த பெயிண்டில் ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டரும், ஒரு பை சில்லும் வசிப்போர் குழு அலமாரியில் பெயரெழுதி வையுங்கள். நிறத்தின் எண்ணையும் டப்பாவின் மேல் எழுதுங்கள், கடையில் அதே நிறத்தைக் கலக்க அது வேண்டும்.