பனியும் பெட்ரோலும் சந்திக்கும் ஊர் எது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் வினாடி வினாவில் விளையாட்டுச் சுற்று என்றால் கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். இந்தத் தடவை கொஞ்சம் குறும்பாக ஒரு கேள்வி வைக்க ஆசை: ஸ்பீட் ஸ்கேட்டிங்குக்கும் (ஐஸில் சறுக்கி ஓடும் வேகப் பந்தயம்) மோட்டார் பந்தயத்துக்கும் பொதுவான இடம் எது? ஆனால் இதற்கு ஒரே விடை கிடையாது. எங்கள் மாமாக்கள் மேசையைத் தட்டிச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் போட்டியில் இருக்கும் ஊர்களை முன்கூட்டியே அலசிவிடுவது நல்லது.

சோச்சியை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். 2014 பிப்ரவரியில் அங்கே குளிர்கால ஒலிம்பிக், அக்டோபரில் அதே ஒலிம்பிக் பூங்காவுக்குள் ஃபார்முலா ஒன். அட்லர் அரங்கில் ஆண்கள் 1,500 மீட்டரில் போலந்தின் ப்ரூட்கா 0.003 வினாடியில் தங்கம் வென்றார். ஆனால் கார்ப் பந்தயத்தில் அந்த அளவு பரபரப்பு இருந்ததாக நான் சொல்லமாட்டேன். நம் டர்பன் கடற்கரைத் தெருக்களில் 2006 முதல் 2008 வரை நாடுகளுக்கு இடையிலான ஏ1 ஜீபி கார்ப் பந்தயம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு சோச்சி சப்பென்றுதான் இருந்திருக்கும். 2021க்குப் பிறகு அங்கே ஃபார்முலா ஒன்னும் இல்லை. இரண்டு விளையாட்டுக்கும் ஒரே பூங்கா என்பதைத் தவிர வேறு ஒட்டு உறவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டுரின் இதைவிட ருசியான விடை. 2006 ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் நடந்த ஓவல் லிங்கோட்டோ, ஃபியட்டின் பழைய லிங்கோட்டோ தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1923இல் திறந்த அந்தத் தொழிற்சாலையில் கார் கீழ்த் தளத்தில் உருவாகத் தொடங்கி, மாடி மாடியாக ஏறி, முழு வண்டியாக மொட்டை மாடிக்கு வந்து சேரும். அங்கே சாய்ந்த வளைவுகளோடு ஒரு சோதனை ஓட்டப் பாதை! மாடியில் ஃபியட் சுற்றிய இடத்துக்குப் பக்கத்தில், பல பத்தாண்டுகள் கழித்து, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் என்ரிகோ ஃபாப்ரிஸ் 1,500 மீட்டர் தங்கம் வாங்கினார். ஒரே குறை, மாடியில் நடந்தது சோதனை ஓட்டம், பந்தயம் இல்லை. சட்டம் பேசும் மாமா யாராவது அதைப் பிடித்துக்கொள்வார். டுரினின் வாலென்டினோ பூங்காவில் 1946இல் கிராண்ட் பிரி நடந்ததே என்று பதில் சொல்லலாம், ஆனால் அப்போது ஊர் மட்டும்தான் பொது, இடம் வேறாகிவிடும்.

கறாராகப் பார்த்தால் வெல்வது ஜெர்மனியின் இன்செலும் நெதர்லாந்தின் ஹீரன்வேனும்தான். இரண்டு ஊரிலும் ஸ்கேட்டர்கள் ஓடும் அதே ஐஸ் ஓவலில் (நீள்வட்டப் பாதையில்) ஐஸ் ஸ்பீட்வே மோட்டார்சைக்கிள் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். ஸ்கேட்டின் பிளேடு 1 மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புதான். இந்த பைக்கின் டயரிலோ ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீள முட்கள் வரிசையாக நிற்கும், பிரேக் என்பதே கிடையாது. ஓட்டுபவர் வளைவில் இடது பக்கம் ஐஸைத் தொடுகிற அளவுக்குச் சாய்வார். ஸ்கேட்டரும் இடது பக்கம்தான் திரும்புவார். இவ்வளவு பொருத்தம் வேறெங்கும் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் இன்செல் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர் யாராவது இருந்தால் ஆச்சரியம்தான். விடை தெரிந்ததும் ஒருவராவது 'அட, இது தோணலையே' என்று தலையில் அடித்துக்கொள்ளாத கேள்வி எதற்கு?

அதனால் என் ஓட்டு சால்ட் லேக் சிட்டிக்கு. அங்கே 2002 ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஊட்டெஹாகே 10,000 மீட்டரை 12 நிமிடம் 58.92 வினாடியில் முடித்தார். 13 நிமிடத்துக்குக் கீழே போன முதல் ஆள் அவர். அந்த நகரத்துக்கு மேற்கே பரந்து கிடக்கிறது போனவில் உப்புவெளி. 1935இல் மால்கம் கேம்ப்பெல் காரில் மணிக்கு 300 மைலைத் தாண்டியது அங்கேதான். ஸ்கேட்டிங்கிலும் சரி, நிலவேகச் சாதனையிலும் சரி, கடைசியில் தீர்ப்பு சொல்வது கடிகாரம்தான். அதே கேம்ப்பெல் 1929இல் நம் வடக்கு கேப்பின் வெர்னேக்பான் என்ற வறண்ட உப்புப் படுகைக்கு வந்து முயன்றவர். அவர் அங்கே ஓடுவதற்கு முன்பே அவருடைய போட்டியாளர் சீக்ரேவ் அமெரிக்காவின் டேட்டோனாவில் சாதனையை உயர்த்திவிட்டார், கேம்ப்பெலால் அதை எட்ட முடியவில்லை.

இன்னொரு உறவு காற்றில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சால்ட் லேக் ஓவல் 1,400 மீட்டருக்கும் மேலே, நம் கயலாமி பந்தயத் தடம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். ஸ்கேட்டருக்கு முதல் எதிரி காற்று, அது மெலிந்தால் அவருக்குக் கொண்டாட்டம். சாதாரண எஞ்சினுக்கோ காற்றுதான் சாப்பாடு, மெலிந்தால் பலம் குறையும். டர்போ மட்டும் காற்றை அமுக்கி உள்ளே தள்ளிச் சமாளித்துவிடும். 1979இல் ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு டர்போ கார், ஜபுயி ஓட்டிய ரெனோ, போல் பொசிஷன் (பந்தயம் தொடங்கும்போது முதல் இடம்) பிடித்தது கயலாமியில்தான். பந்தயத்தில் எஞ்சின் கைவிட்டது வேறு கதை. வென்றது வில்நெவ், இரண்டாவதாக வந்தவர் நம் ஈஸ்ட் லண்டன்காரர் ஜோடி ஷெக்டர்.

கேள்வித்தாளில் கயலாமியை முதல் துப்பாகவும் வெர்னேக்பானை இரண்டாவதாகவும் வைக்கப்போகிறேன். இன்செல் என்று எழுதும் மேசைக்கும் முழு மதிப்பெண், சோச்சி என்று எழுதினால் பாதி.